ஜன்னலைத் திறந்து வை

தம்பிக்கு,

நைனா எழுதறது. இங்க எல்லாரும் சுகம். நீ நல்லா இருக்கியான்னு போன்ல கேட்டா கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்பிடற. லெட்டருக்கு அப்படிக் கட்டைவிரல் காட்ட முடியாது இல்ல, அதான் பேனாவை எடுத்தேன்.

மாப்பிள்ளை பெங்களூர் வந்தப்ப உன்னைப் பார்த்ததா சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. ரூம்ல காத்தோட்டம் பத்தாதுன்னு மட்டும் சொன்னார். ஜன்னலைத் திறந்து வை. அந்த ஊர்ல நம்ம ஊர் அனல் கிடையாது, திறந்து வச்சா ஒண்ணும் ஆகாது.

சிரசுத் திருவிழாவுக்கு நீ வரல. வைகாசி ஒண்ணாந்தேதிக்கு நீ வராதது இதுதான் முதல் தடவை. கெங்கையம்மன் தலை தரணம்பேட்டைக்குள்ள வர்றப்ப உன் கூட்டாளிங்க ரெண்டு பேர் என்கிட்ட வந்து எங்க அவன்னு கேட்டாங்க. லீவு கிடைக்கலன்னு சொன்னேன். அம்மன் எதிர்லயே சொன்னேன். காலையில ரயில் ஏறினா மத்தியானச் சோத்துக்கு குடியாத்தம். அவ்வளவு கிட்டத்துல இருந்துகினு வரலன்னா ஆபீஸ்ல உன்னை எவ்வளவு நம்பி விட்டிருக்காங்கன்னு பெருமையாத்தான் சொன்னேன். சரி, அதை விடு.

எழுத வந்த சங்கதி வேற. உன் படத்தைப் பார்த்தேன். அவெஞ்சர்ஸ், தானோஸ்னு வில்லன் வர்றது, ரெண்டையும். 2018ல முதல் படத்தை வேலூர்ல போட்டப்ப ரெண்டு டிக்கெட் எடுத்துகினு வந்து தறிக்குப் பக்கத்துல நின்னியே, அது. பொம்மைப் படத்துக்கெல்லாம் நான் வரலன்னு சொன்னேன். ஒரு டிக்கெட்டை யாருக்குக் கொடுத்தேன்னு நீ சொல்லல, நானும் கேக்கல. இப்ப பேரன் லீவுக்கு வந்திருக்கான், டிவியில தமிழ்லயே போட்டுக் காட்டினான். முதல் படம் 149 நிமிஷம், ரெண்டாவது 181 நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. உங்கம்மா முதல் நாள் பாதியில தூங்கிட்டா. ரெண்டாவது நாள் தூங்கல.

முப்பது வருஷம் தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவன் நான். எல்லாம் வல்ல வில்லன்னா என்னன்னு எனக்கும் கொஞ்சம் தெரியும், அதனால சொல்றேன். முதல் படம் நல்ல படம். அவன்தான் அதுல கதாநாயகன். ஆரம்பத்துலயே அந்தப் பச்சை ஆளு ஹல்க்கை வெறுங்கையால அடிச்சுப் போட்டுடறான். கூத்துல ராஜா வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு பாடறப்பவே சனத்துக்கு வயித்தைக் கலக்கணும், அப்புறம்தான் திரை விலகணும். அதை அவங்க சரியா பண்ணியிருக்காங்க. பேரன் சொல்றான், அந்த மூஞ்சி முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்சதாம், உள்ள நடிச்சவர் ஜோஷ் பிரோலின்னு ஒருத்தராம், மூஞ்சியில புள்ளி வச்சுகினு நடிச்சாராம். நான் அரிதாரம் பூச மூணு மணி நேரம் உட்காருவேன். ஆனா கண்ணு அவரோடதுதான், அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கண்ணை எந்தப் பூச்சும் செய்ய முடியாது.

அவன் நியாயம்தான் எனக்கு ஒத்து வரல. சாப்பாடு பத்தல, அதனால ஆறு மந்திரக் கல்லைச் சேர்த்து, விரலைச் சொடுக்கிப் பாதிப் பேரை அழிக்கறேங்கிறான். பேரனை போன்ல பார்க்கச் சொன்னேன். 2018ல உலகத்துல 760 கோடிப் பேராம். 1970ல 370 கோடியாம். பாதியை அழிச்சா நான் குழியில காலை விட்டு தறி பழகின காலத்துக்குப் போவோம், அவ்வளவுதானே? அந்தக் காலத்துல நாங்க என்ன வயிறு நிறையத் தின்னோமா? கேழ்வரகுக் கூழுக்கே வரிசையில நின்னோம். எல்லாக் கல்லும் கையில இருக்கறவன் சோத்தை ரெண்டு மடங்காக்கலாமே, அது ஏன் தோணல? பாதியாக்கறது எல்லாம் நமக்குப் புதுசா. நம்ம வட ஆற்காட்டை 1989ல ரெண்டாக்கினாங்க, மிச்சம் இருந்த வேலூரை 2019ல மூணாக்கினாங்க, தண்ணி லாரி மட்டும் அதேதான் வருது.

இன்னொரு குறை. நேரத்தைத் திருப்பற கல்லு அவன்கிட்ட இருக்குது. செத்துப்போன விஷன்னு ஒருத்தனையே உயிரோட கொண்டுவந்து நெத்தியில இருந்த கல்லைப் பிடுங்கறான். அடுத்த நிமிஷமே அந்த இடிச் சாமி தோர் கோடாலியை வீசறான், இவன் நெஞ்சுல வாங்கிகினு நிக்கறான். அந்தக் கல்லு அதுக்குள்ள எங்க போச்சு? பலம் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா கதை எழுதறவனுக்கே அதை எங்க வைக்கறதுன்னு தெரியாம போயிடும். நம்ம ஆளுங்க அதுல கெட்டி. இரணியனுக்கு எல்லா வரத்தையும் கொடுப்பாங்க, பகல் இல்ல ராத்திரி இல்ல, உள்ள இல்ல வெளியே இல்லன்னு. ஆனா வாசப்படியை விட்டுவைப்பாங்க. காந்தாரி கண்கட்டை அவுத்து மகனைப் பார்த்தா, பார்த்த இடமெல்லாம் இரும்பாச்சு, துணி மறைச்ச தொடை மட்டும் சதையாவே நின்னுது. ஓட்டையை முதல்லயே வச்சுட்டுத்தான் பானையைச் செய்வாங்க. தோருக்கு நெஞ்சுல அடிக்கத்தான் தோணுச்சு. தலையில அடிச்சிருக்கணும்னு அடி வாங்கினவனே சொல்லிட்டு விரலைச் சொடுக்கறான். பீமனுக்குத் தொடையைத் தட்டிக் காட்ட கிருஷ்ணன் இருந்தான். அங்க எத்தனையோ பேர் நின்னாங்க, காட்ட ஆள் இல்ல.

அதுக்கு அந்தப் பையனையே குத்தம் சொல்ல முடியுமா? எனக்குத் தோணல. உனக்கு எப்படியோ.

ரெண்டாவது படத்துல விஜய் சேதுபதி குரல் அயர்ன்மேனுக்கு. குரல் நல்ல குரல்தான். ஆனா வேஷம் ஒருத்தர், பாட்டு ஒருத்தர்னு ஆயிடுது, கடைசி வரைக்கும் எனக்கு ஒட்டல. இதைவிடப் பெரிய குறை, தப்பு பண்ணின தானோஸ் ஆரம்பத்துலயே தலை போய் விழுந்துடறான். கடைசிச் சண்டைக்கு வர்றவன் 2014ல இருந்து வர்ற பழைய தானோஸ். அந்தப் பொண்ணு வாண்டா, என் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியேன்னு கத்தறா, அவன் நீ யாருன்னே தெரியாதுங்கிறான். உண்மைதானே, அவன் இன்னும் செய்யவே இல்லயே. படுகளத்துல வேற எவனோ ஒரு துரியோதனன் தொடையை அடிச்சு எடுத்த ரத்தத்தைக் கொடுத்தா திரௌபதி முடியை முடிவாளா? ஆறுமா அவளுக்கு? இதை பேரன்கிட்ட சொன்னேன், தாத்தா நீ படத்தைப் பாருங்கிறான்.

ஆனா அந்தத் தலையை வெட்டறது தோர்தான். வெட்டிட்டு, தலைக்குத்தான் குறி வச்சேன்னு மட்டும் சொல்லிட்டு வெளிய நடந்து போறான். அங்கேயே எனக்கு ஏதோ பண்ணுச்சு. அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சுக் காட்டறாங்க. ரூம்ல உட்கார்ந்திருக்கான். தொப்பை, சடை, தாடி. பாட்டில். கூட்டாளியோட டிவியில விளையாட்டு. தானோஸ் பேரைச் சொல்லாதீங்கன்னு மட்டும் சொல்றான், கை நடுங்குது. எனக்குத் தெரிஞ்சு அந்த ரூம்ல வெளிச்சமே வரல.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஹோட்டல் சோறே கதின்னு இருக்காதே, ராத்திரியில மோர் குடி. ஜன்னலைத் திறந்து வை.

அவன் தொப்பையைக் காட்டி சனத்தைச் சிரிக்க வச்சிருக்காங்க. எனக்கு அது பிடிக்கல. பேரன் சிரிச்சான், சின்னப் பையன், அவனை என்ன சொல்றது. உங்கம்மா சிரிக்கல. தோர் பழைய காலத்துக்குப் போய் அவன் அம்மா எதிர்ல நிக்கறான், அவ சாகப்போற நாள் அது. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சமாளிக்கறான். அவ ஒரு பார்வையில கண்டுபிடிச்சுடறா. திட்டல. கடைசியில காய்கறி சாப்பிடுன்னு சொல்லி அனுப்பறா. அப்ப உங்கம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்திட்டு கொல்லைப்புறம் போயிட்டா. பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுது. கழுவ ஒரு பாத்திரமும் இல்ல அங்க.

அப்புறம் தோர் கையை நீட்டறான், அவன் பழைய சுத்தியல் கைக்கு வருது. பேரன் கை தட்டினான். அதுக்குப் பிறகும் அவனை ஒல்லியாக்காம அதே தொப்பையோட சண்டைக்கு விட்டாங்க பாரு, அந்த ஒண்ணுக்காக மத்த குறையெல்லாம் மன்னிச்சுட்டேன்.

முதல் படத்துல ஒரு இடம் இருக்கு, அதை நான் சொல்லாம தாண்டிட்டேன். கல்லுக்காகத் தான் வளர்த்த பொண்ணு கமோராவை மலை உச்சியில இருந்து தள்ளறான் தானோஸ். அழுதுகினே தள்ளறான். உனக்கு அழுகை வேறயான்னு அவ முதல்ல ஏளனமா கேக்கறா, பாசம் இருந்தாத்தான் கல்லு கிடைக்கும்னு அப்புறம்தான் அவளுக்குப் புரியுது. பேரன், தாத்தா அவன் பாவம் இல்லன்னு கேட்டான். எனக்குப் பதில் வரல.

பள்ளிகொண்டா பக்கத்துல பதினெட்டாம் போர் கூத்து ஆடினோமே, உனக்கு பன்னிரண்டு வயசு. நீ ஒரு பக்கம் திரை பிடிச்சுகினு இருந்த. ராத்திரி ரெண்டு மணி, தூக்கத்துல உன் கை தாழ்ந்துபோச்சு, நான் விருத்தம் முடிக்கறதுக்குள்ள திரை விழுந்துது. கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாத்தோடயும் வந்து உன்னை அறைஞ்சேன். சனம் கூத்துல ஒரு கட்டம்னு நினைச்சு சிரிச்சுது. கட்டியக்காரன் வேற ஒரு வார்த்தை போட்டு இன்னும் சிரிக்க வச்சான். விடியறப்ப படுகளத்துல மண் துரியோதனனைச் சுத்தி ஓடிட்டு வந்து பார்த்தேன், நீ வேஷப்பெட்டி மேல தூங்கிகினு இருந்த. கன்னத்துல என் கை அரிதாரம், அஞ்சு விரலும் சிவப்பா. உன்னை எழுப்பல. பம்பு செட்டுக்குப் பின்னாடி போய் அழுதேன். அதை உங்கம்மா உன்கிட்ட சொல்லியிருக்கா, உங்க நைனா அன்னிக்கு அழுதாருடான்னு. நான் அழுதது உன் கன்னத்துக்கு என்னத்துக்கு ஆச்சு? எழுந்து நீயே போய்க் கழுவிகினு வந்த. அப்புறம் நீ கூத்துக்கு வரல.

ராஜா வேஷம் கட்டினா ஆவேசம் வரும்னு ஊர்ல சொன்னேன், உங்கம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். ஆவேசம் இல்ல. அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன். அன்னிக்கு மட்டும் இல்ல. வேஷப்பெட்டியில கச்சைத் துணிக்கு அடியில இருக்கும். மிருதங்கக்காரருக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு இத்தனை வருஷமா நினைச்சுகினு இருந்தேன், அந்தப் பாத்திரம் கழுவற சத்தம் கேட்டப்பத்தான் சந்தேகம் வந்துது. பெரியப்பா வீட்டுல நடந்ததுக்கு அப்புறம் விட்டேன். ஒரே நாள்ல விட்டேன்னு நீங்க எல்லாம் பெருமையா சொல்வீங்க. ஒரே நாள் இல்ல. எட்டு மாசம். நடுவுல ரெண்டு தடவை விழுந்தேன். கை நடுங்கி நூல் இழுக்க முடியாம தறியில சும்மா உட்கார்ந்திருப்பேன், சத்தம் வரணுமேன்னு வெறும் மிதியை மிதிச்சுகினு இருப்பேன்.

இதை உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்னு கேக்காதே. படத்தைப் பத்தி எழுத உட்கார்ந்தேன், வந்துடுச்சு.

பணம் பத்தி யோசிக்காதே. போன மாசம் வரல, அதுக்கு முந்தின மாசமும் வரல, நாங்க எண்ணிகினு இல்ல. லுங்கிக்கு இப்ப கூலி பரவாயில்ல, சங்கத்துலயும் கொஞ்சம் வரணும். உங்கம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பாப்பா முழுகாம இருக்கா, ரெண்டாவது மாசம், உன்கிட்ட சொல்லச் சொன்னா, நீ போன் எடுக்கலயாம். கேலண்டர்ல நீ வரப்போற நாள்னு உங்கம்மா ஒண்ணு சுழிச்சு வச்சிருந்தா, அது போயிடுச்சு.

வெள்ளிக்கிழமை காலை ரயில்ல நான் வர்றேன். வேலை இருக்குன்னு சொல்லாதே, இருந்தா பார்த்துக்கோ, நான் ஓரமா உட்கார்ந்திருக்கேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா ரெண்டு கிலோ கொண்டு வர்றேன், எண்ணெய் விட்டு வதக்கிப் போடறேன், எனக்கு அது நல்லா வரும். முதல் படத்தை மறுபடி பார்க்கணும், அதுல ஒரு சண்டை எனக்குச் சரியா விளங்கல, நீ சொல்லித் தரணும். உன் டிக்கெட் காசு ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் கொடுத்துடறேன்.

ஸ்டேஷன்ல இருந்து எந்த பஸ்னு மட்டும் எழுதி அனுப்பு. கட்டைவிரல் வேணாம்.

உன் நைனா

பி.கு. மாப்பிள்ளையைக் கோவிச்சுக்காதே. அவர் ஜன்னலைப் பத்தி மட்டும்தான் சொன்னார்.