இன்னும் 38 பங்கு: உளவியல் மாலை வகுப்புக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பொதுமக்களுக்காக நாம் இலவசமாக நடத்திவரும் உளவியல் மாலை வகுப்பு தொடர வேண்டுமானால், வரும் 30ஆம் தேதிக்குள் நன்கொடையாக இன்னும் 38 பங்கு சேர்ந்தாக வேண்டும் (ஓராண்டுச் செலவில் நூறில் ஒன்று ஒரு பங்கு). வகுப்பறையின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. ஓராண்டு வாடகையை மொத்தமாகக் கட்டினால்தான் புதுப்பித்துத் தருவார்கள். பெயர் கொடுத்துவிட்டு 52 பேர் காத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு தொடங்கிய கதை தெரிந்திருக்காது. 19 ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் 7 பேரை உட்கார வைத்துத் தொடங்கியது இது. அவருடைய பழைய மாணவன் ஒருவன் மாதக்கணக்கில் சரியாகத் தூங்காமல், யாரோடும் பேசாமல், குளிக்கக்கூட மனமில்லாமல் கிடந்தான். வீட்டார் சோம்பல் என்றார்கள். ஆசிரியரும் அப்படியே நினைத்து, இரண்டு முறை போய்ப் புத்திமதி சொல்லிவிட்டு வந்தார். அது மனச்சோர்வு என்று பிறகு ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. "இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இருந்தேன், எனக்கே தெரியாமல் போச்சே" என்று அவர் கலங்கியதை மூத்த உறுப்பினர்கள் இன்றும் சொல்வார்கள்.

அப்புறம் அவர் படித்த படிப்பு இருக்கிறதே! 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்ததிலிருந்து தொடங்கி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மில்லர் 1969இல் ஆற்றிய தலைமையுரை அவரை நிறுத்தியது. உளவியல் என்பது வல்லுநர்களிடமே தங்கிவிடக் கூடாது, சாதாரண மக்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மில்லர் அதில் வாதிட்டிருந்தார். "சரி, இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது" என்று ஆசிரியர் அன்றே முடிவு செய்தார். அவர் மறைந்த பிறகும், இறைவன் அருளால், ஒருவரிடமும் நாம் கட்டணம் வாங்கியதில்லை.

இங்கே என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டுவோம். சென்ற அணியில் படித்த ஒரு அம்மா, அனுமதி கொடுத்து விட்டுச்சென்றது. பக்கத்தில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் "மகள் மூன்று நாளாக போன் எடுக்கவில்லை". அடுத்ததில் "நான் அவளுக்குப் பாரமாகிவிட்டேன்". மூன்றாவதில் "நெஞ்சு அடைக்கிறது, சாப்பிடவில்லை". நான்காவது கட்டம் இரண்டு வாரம் காலியாகவே இருந்தது. அப்புறம் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "அவளுக்குத் தேர்வு நேரம். போன வருஷமும் இப்படித்தான்." 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையின் அடிப்படைப் பயிற்சி இது. மனதில் சட்டென்று எழும் எண்ணத்தை உண்மை என்று அப்படியே ஏற்காமல், அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பது. அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

நாம் தாமதமாக வந்தால் போக்குவரத்தைக் காரணம் காட்டுகிறோம், அடுத்தவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர் என்கிறோம். இந்தச் சாய்வையும் வகுப்பில் பேசுகிறோம். தூக்கம் வராதபோது படுக்கையில் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்துபோய், கண் சொக்கும்போது திரும்பி வருவது ஏன் உதவுகிறது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, பேசுவதற்கு வழி திறக்கிறது. எப்படிக் கேட்பது, கேட்டபின் யாரிடம் அழைத்துப்போவது என்பதற்கு மட்டும் நான்கு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆறு மாதம் படித்ததால் யாரும் சிகிச்சை தரும் தகுதி பெற்றுவிடுவதில்லை. இதை முதல் நாளே பலகையில் எழுதிவிடுகிறோம். மருந்து மனநல மருத்துவரின் வேலை, முறையான உளச்சிகிச்சை பயிற்சி பெற்ற உளவியலாளரின் வேலை. வீட்டில் ஒருவர் வாடும்போது அதைக் காலத்தோடு கண்டுகொண்டு, திட்டாமல் அங்கே கொண்டுசேர்ப்பது நம் எல்லோருடைய வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகில் எட்டில் ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்ந்தார். உங்கள் உறவினர்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இனி கணக்கு. ஓராண்டுச் செலவை 100 பங்காகப் பிரித்திருக்கிறோம். ஆசிரியர்கள் மூவரின் ஊதியம் 44. அறை வாடகை 31. பாடநூல் அச்சு 17. மின்சாரமும் மற்றவையும் 8. வந்தது 62. பாக்கி 38. கடன் வாங்குவதில்லை என்பது ஆசிரியர் வைத்த விதி, அதை மீற மாட்டோம்.

62 பங்கு கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தகப்பனார் நினைவாக 5 பங்கு கொடுத்த ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவுக்கு நன்றி. மாதாமாதம் சம்பள நாளன்றே வந்து, பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிப் போகும் ஓட்டுநர் தம்பிக்கு நன்றி. நான்கு அணிகளுக்குக் காகித விலை மட்டும் வாங்கிக்கொண்டு பாடநூல் அச்சிட்டுத் தந்த அச்சக உரிமையாளர் ஐயாவுக்கும், 40 நாற்காலிகளைத் தோளில் சுமந்து மாடியேற்றிய இளைஞர்களுக்கும் நன்றி. அரைப் பங்கை நான்கு பேராகச் சேர்ந்து கொடுத்த கல்லூரி மாணவிகளையும் மறக்க மாட்டோம். உங்கள் குடும்பங்கள் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் மறைக்க மனமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் 140 பேர் இங்கே படித்து முடித்தார்கள். அவர்களில் பங்கு கொடுத்தவர்கள் 31 பேர். முடியாதவர்களை நாங்கள் கேட்கவே மாட்டோம். ஆனால் "இந்த வகுப்புதான் என் வீட்டைக் காப்பாற்றியது" என்று கடைசி நாளில் கண் கலங்கப் பேசியவர்கள் பலர் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் உட்கார்ந்த நாற்காலி யாரோ ஒருவர் கொடுத்தது. அடுத்தவருக்கு அது கிடைக்க வேண்டாமா?

ஒரு பங்கு, அரை, கால், எதுவானாலும் சரி. வகுப்பு நாட்களில் மாலை 6 மணிக்குப் பொருளாளர் வாசலருகே இருப்பார். கொடுத்ததற்கு உடனே ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள் வாரம் ஒரு மாலை வந்து அறையைத் திறந்து, கூட்டி, வருகைப் பதிவு எடுத்தாலும் அதுவும் ஒரு பங்குதான். சேர்ந்த எண்ணிக்கையை ஒவ்வொரு நாளும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிவருகிறோம். 30ஆம் தேதி இரவு 8 மணிக்குக் கணக்கை முடித்து, 52 பேரையும் அழைத்து, வகுப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புக் குழுவினர்