லீட்ஸ் மாணவர்களின் 'ஸ்பெயின் சுற்றுலா'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் நிகழ்த்துக் கலை என்ற பெயரில் செய்யும் கூத்துகளுக்குப் பொதுப்பணத்தை எதற்காக வாரி இறைக்க வேண்டும் என்று தங்கள் வாசகர் ஒருவர் இப்பகுதியில் கேட்டிருந்தார். கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியையே கச்சாப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஒரு நாட்டின் பத்திரிகைகளைத் தாமறியாமலேயே மேடையேற வைத்த மாணவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதால், அதைப் பற்றிச் சிறிது எழுத அனுமதி வேண்டுகிறேன்.

1998-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை மூன்றாம் ஆண்டு படித்த 13 பேர், கூட்டாக ஒரு கண்காட்சி நடத்துவதற்காக மாணவர் சங்கத்திடம் 1,126 பவுண்டு நிதியுதவி பெற்றனர். தொடக்க நாளன்று ஓவியங்களையும் சிற்பங்களையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, படைப்பு எதுவும் இல்லாத கூடத்தில் சாங்க்ரியா என்னும் ஸ்பானிய மது பரிமாறப்பட்டது. பிறகு அவர்கள் பேருந்தில் ஏற்றப்பட்டு விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே, பயணிகள் வெளியே வரும் வாயிலில், வெயிலில் கறுத்த முகமும் கைநிறைய நினைவுப் பொருட்களுமாக மாணவர்கள் வந்து நின்றனர். கண்காட்சிக்குக் கொடுத்த பணத்தில் ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போய்வந்ததாகவும், அந்தப் பயணம்தான் தங்கள் படைப்பு என்றும் சொன்னார்கள்.

எதிர்பார்க்கக்கூடியதே நடந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. உள்ளூரில் கிளம்பிய புகைச்சல் தேசிய நாளிதழ்கள் வரை சென்றது. மக்கள் பணத்தில் கும்மாளம், கலை என்ற பெயரில் ஊரை ஏய்க்கும் வேலை என்றெல்லாம் வசை பொழிந்தது. எல்லோரும் நன்றாகத் திட்டி முடித்த பிறகு, சில நாட்களில், மாணவர்களே உண்மையை வெளியிட்டனர்: அவர்கள் ஸ்பெயினுக்குப் போகவே இல்லை. கடலில் குளித்துக் களித்த புகைப்படங்கள், லீட்ஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள ஸ்கார்பரோ பகுதிக் கடற்கரையில் எடுத்தவை. மேனியின் கருமை, அழகு நிலையங்களில் உள்ள சூரியவிளக்குப் படுக்கையில் கிடந்து பெற்றது. விமான நிலையக் காட்சி ஏற்பாடு செய்யப்பட்ட நாடகம். நிதியுதவியாகப் பெற்ற பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது.

ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது, இந்தக் குறும்புக்குள் இருக்கும் உழைப்புதான். வடகடலின் குளிர்நீரில் இறங்கி நின்று, மத்தியதரைக் கடலின் வெயிலில் சிரிப்பதுபோல் சிரிக்க வேண்டும். எந்தக் கட்டடத்தை, எந்தப் பலகையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினால் யார்க்‌ஷயர் மறைந்து ஸ்பெயின் தெரியும் என்று பார்த்துப் பார்த்துப் படமெடுக்க வேண்டும். 13 பேரில் ஒருவர்கூட நண்பர்களிடம் வாய் தவறிவிடக் கூடாது. வகுப்பறையில் நாங்கள் கற்பிக்கும் கோணமும் பொருளமைப்பும் இவையன்றி வேறென்ன? படம் இருக்கிறது, விமான நிலையத்தில் கண்ணால் கண்ட சாட்சியும் இருக்கிறது என்றவுடன், மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று கண்டித்து எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. கலை மாணவன் என்றால் வெட்டிச் செலவு செய்பவன் என்ற முன்முடிவு ஏற்கெனவே தயாராக இருந்தது. மாணவர்கள் அதற்கு ஒரு விமானப் பயணத்தைக் கற்பனையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். (இத்தகைய கூட்டுப் படைப்புக்கு ஆளுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்ற தலைவலி எனக்கு வாய்க்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சியே.)

அவர்கள் செய்த அனைத்தையும் நான் ஆதரிக்கவில்லை. நம்பிப் பணம் கொடுத்த மாணவர் சங்கத்தாரைச் சில நாட்கள் ஊரார் முன் ஏமாளிகளாக நிற்க வைத்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கேலிக்கு உள்ளாகும் ஒருவரின் சம்மதம் இல்லாத விளையாட்டு, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், யாரையாவது காயப்படுத்தவே செய்யும். ஆயினும் பணத்தைத் தொடாமல் வைத்திருந்ததும், உண்மையைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் தாமே முன்வந்து சொன்னதும் அவர்களை மோசடிக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்திருந்தாலும் இப்படைப்பு அந்தக் கணமே செத்திருக்கும்.

ஆகவே, மாணவர் கண்காட்சி எதையேனும் கண்டித்துக் கடிதமோ கட்டுரையோ வெளியிடும்போது, செலவுக் கணக்கையும், சம்பந்தப்பட்ட மாணவர்களின் விளக்கத்தையும் அதே நாளில், அதே பக்கத்தில் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.