சுதா அக்காவுக்கு ஒரு கடிதம்: டிட்டிகாகா போங்க, ஆனா யாரோட படகுலன்னு பாத்துட்டு போங்க

அன்புள்ள சுதா அக்கா,

பெரு போறது கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு, ஆனா டிட்டிகாகா ஏரில இருக்குற அந்த தீவு ஜனங்கள பாக்க போறது மட்டும் மனசுக்கு ஒப்பல, ஏதோ ஜூவுக்கு போய் மனுஷங்கள வேடிக்கை பாக்குற மாதிரி இருக்குமோன்னு எழுதியிருந்தீங்க. போனவங்க பாதி பேர் இதத்தான் சொல்றாங்க, அதுவும் தப்பில்ல. ஆனா அவங்க எல்லாரும் போனது அந்த அரைநாள் டூர், அத வச்சு மொத்த ஏரியையும் எடை போட்டுட முடியாது, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல உயரம். ஏரியோட மட்டமே 3,812 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவே 2,637 தான், அப்போ படகுல உக்காந்திருக்கும்போதே அதுக்கு மேல இன்னும் ஒரு கிலோமீட்டர் உசரத்துல இருப்பீங்க. லிமால இருந்து நேரா ஏரிக்கு பக்கத்து ஏர்போர்ட்டான ஜூலியாக்காவுக்கு ஃப்ளைட் பிடிச்சு மறுநாளே படகு ஏறுறவங்க நிறைய பேர், தலைவலியும் வாந்தியுமா திரும்பி வருவாங்க. மச்சு பிச்சுவ எப்படியும் பாக்கத்தான் போறீங்க, அத முன்னாடி வச்சுக்கிட்டு, அதுக்கு போற வழில மலை மேல இருக்குற குஸ்கோ ஊர்ல கொஞ்ச நாள் இருந்து, அங்கேர்ந்து பஸ்ல ஏரிக்கரை ஊரான புனோவுக்கு வாங்க, ஆறேழு மணி நேரம் ஆகும், ஆனா உடம்பு பழகிடும். அங்க கோகா இலை டீ குடுப்பாங்க, முன்யான்னு ஒரு மூலிகை டீயும் குடுப்பாங்க, புதினா வாசனையா இருக்கும், எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சுது.

இப்ப ஊரோஸ், அதாவது மிதக்குற தீவு. புனோல இருந்து அரை மணி நேரம் கூட இல்ல. டோட்டோரான்னு ஒரு புல், பாய் நெய்யுற நம்ம கோரையோட குடும்பமேதான், ஆனா ஆளுயரத்துக்கு மேல வளரும். அதோட வேர் தண்ணிக்குள்ள பின்னிப் பின்னி மண்ணோட சேர்ந்து கட்டியா மிதக்கும், அத பெரிய ரம்பத்தால துண்டு துண்டா அறுத்து, இழுத்துட்டு வந்து, கயிறு போட்டு ஒண்ணோட ஒண்ணு கட்டி, மேல டோட்டோராவ குறுக்கும் நெடுக்குமா பரப்பிடுவாங்க, அடியில யூகலிப்டஸ் கழி அடிச்சு கயிறு கட்டலன்னா காத்துக்கு தீவு நகர்ந்துடும். கீழ இருக்குற புல் அழுகிட்டே இருக்குறதால மேல புதுசு போட்டுக்கிட்டே இருக்கணும், மழைக்காலத்துல இன்னும் அடிக்கடி. நடந்தா கால் மெதுவா உள்ள அமுங்கும், அது மட்டும் எந்த ஃபோட்டோலயும் வராது. டோட்டோரா தண்டோட வெள்ளை அடிப்பாகத்த உரிச்சு சாப்பிடவும் செய்யுறாங்க, சவசவன்னு இருக்கும். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஒரே தீவுல இருக்குற குடும்பங்களுக்குள்ள சண்ட வந்து ஒத்தே போகலன்னா அதே ரம்பத்தால தீவ ரெண்டா அறுத்துட்டு தனித்தனியா போயிடலாமாம். கூட்டுக்குடும்பத்துல வளந்த உங்களுக்கு இதோட அருமை புரியும்.

ஆனா டூர்ல நடக்குறது என்னன்னா, படகு வந்ததும் பாட்டு, குட்டி மாடல் தீவு வச்சு ஒரு டெமோ, அப்புறம் வீட்டுக்குள்ள வந்து பாருங்கன்னு கூட்டிட்டு போய் எம்பிராய்டரி துணிய விரிப்பாங்க, அப்புறம் எக்ஸ்ட்ரா காசுக்கு டோட்டோரா படகுல ஒரு ரவுண்டு, அடுத்த படகு க்யூல நிக்குது. நாடகம்னு தோணும், நாடகம்தான், அதுல ஒளிச்சு மறைக்க என்ன இருக்கு? அவங்க பொழப்பு அது, மீன் பிடிச்சு வர்றத விட இதுல வருமானம் ஜாஸ்தி. மீன் கதையே தனி, 1940 வாக்குல வெளிநாட்டுல இருந்து ட்ரவுட் கொண்டு வந்து ஏரில விட்டாங்க, அது வந்ததும் சொந்த மீன் இனங்களுக்கு அடி விழுந்துச்சு, போதாததுக்கு புனோ ஊரோட சாக்கடை வேற அந்த வளைகுடாலதான் வந்து கலக்குது. ஊரோஸ்காரங்க பழைய பாஷையும் போயிடுச்சு, இப்ப பேசுறது அய்மாராவும் ஸ்பானிஷும். கூரைல சோலார் பேனல் இருக்கு, கைல ஃபோன் இருக்கு, "அய்யோ ஒரிஜினல் இல்லையே"ன்னு முகம் சுளிக்கிற ஆளுங்கள பாத்தாதான் எனக்கு எரிச்சல் வரும், இவங்க மட்டும் அறுநூறு வருஷம் முன்னாடி மாதிரியே குளிர்ல விறைச்சுக்கிட்டு கெடக்கணுமா என்ன. அந்த நாணல் கட்டுற கைத்திறமை ஒண்ணும் பொய் இல்லக்கா, 1970ல நார்வேக்காரர் தோர் ஹேயர்டால் அட்லாண்டிக்க தாண்டுன 'ரா 2'ங்குற நாணல் படக கட்டுனது இதே ஏரியோட பொலிவியா பக்கம் சூரிக்கி தீவுல இருந்து போன அய்மாரா ஆளுங்கதான்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் டக்கீலே தீவுல இருக்கு. அது நிஜ தீவு, பாறையும் படிக்கட்டு வயலுமா, பேசுறது கெச்சுவா. துறையில இருந்து ஊருக்கு ஐநூத்துக்கு மேல படிக்கட்டு, அந்த உசரத்துல மூச்சு வாங்கி நின்னு நின்னுதான் ஏறணும், பக்கத்துல ஒரு பாட்டி முதுகுல மூட்டையோட விறுவிறுன்னு போய்ட்டே இருப்பாங்க. அங்க ஆம்பளைங்கதான் பின்னல் போடுறாங்க, நூல கழுத்த சுத்தி விட்டுக்கிட்டு, ரொம்ப மெல்லிசான ஊசில, நடந்துக்கிட்டே பேசிக்கிட்டே. தொப்பிய பாத்தே ஆளு கல்யாணம் ஆனவரான்னு கண்டுபிடிச்சிடலாம், முழுசா சிவப்புன்னா ஆனவர், மேல் பாதி வெள்ளைன்னா இன்னும் ஆகல. ரெண்டு பேர் சந்திச்சா கை குலுக்க மாட்டாங்க, இடுப்புல தொங்குற பைல இருந்து கோகா இலைய எடுத்து மாத்திக்குவாங்க. 2005ல யுனெஸ்கோ அந்த நெசவுக்கு அங்கீகாரம் குடுத்துச்சு.

ஆனா அவங்க சாதிச்சதுல பெருசு எதுன்னு கேட்டா நான் படகுன்னுதான் சொல்லுவேன். எழுபதுகள்ல டூரிஸ்ட் வர ஆரம்பிச்சதும் தீவுக்காரங்களே குடும்பம் குடும்பமா சேர்ந்து படகு கட்டி, லைசன்ஸ் வாங்கி, போக்குவரத்து மொத்தத்தையும் கைல வச்சிருந்தாங்க, யார் வீட்டுல விருந்தாளி தங்கணும்ங்குறதும் முறை வச்சு, ஹோட்டலுக்கு இடமே குடுக்கல. தொண்ணூறுகள்ல அரசாங்கம் போட்டி இருக்கணும், ஏகபோகம் கூடாதுன்னு சட்டத்த மாத்துச்சு, பெரிய கம்பெனிங்கள கட்டுப்படுத்துறதுக்கு இருக்க வேண்டிய சட்டம் போய் இந்த சின்ன தீவு மேல விழுந்துச்சு, புனோ ஏஜென்சிங்க ஸ்பீட் போட்டோட உள்ள வந்தாங்க. இப்ப பாதி பேர் காலைல வந்து, மத்தியானம் ஒரு ட்ரவுட் சாப்பிட்டு, சாயங்காலம் போயிடுறாங்க, காசுல பெரும்பங்கு புனோலயே நின்னுடுது. ஜூவுக்கு போற மாதிரி இருக்குமோன்னு நீங்க கேட்டதுக்கு என் பதில் இதுதான்க்கா, போகாம இருந்தா அவங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல.

அதனால ஒரு நைட்டாவது தங்குங்க, பக்கத்து தீவான அமன்டனில தங்குறது சுலபம். புனோ துறையில காலைலயே போய் தீவுக்காரங்க ஓட்டுற படகுன்னு கேட்டு ஏறுங்க, மெதுவா போகும், மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா கூட வர்றவங்க மூட்டை முடிச்சோட ஊருக்கு திரும்புற ஜனங்க. அங்க கார் கிடையாது, வீட்டுலதான் தங்கல். நான் தங்குன வீட்டு அம்மா மண் அடுப்புல விறகு தள்ளிக்கிட்டே உருளைக்கிழங்கு தோல் சீவுனாங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம், ஒண்ணு உள்ள ஊதா. கினோவா சூப், பொரிச்ச சீஸ், கிழங்கு, நீங்க வெஜ்ஜா இருந்தாலும் கவலையே இல்ல. ஆனா தண்ணி 87 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், அரிசி கொஞ்சம் நறுக்குன்னுதான் இருக்கும், கம்னு சாப்பிடுங்க. சாயங்காலம் பச்சதாத்தா, பச்சமாமான்னு ரெண்டு மலை உச்சி, தந்தைக்கு ஒண்ணு பூமித்தாய்க்கு ஒண்ணு, ஏதாவது ஒண்ணுக்கு ஏறுங்க, 4,000 மீட்டர் தாண்டும், அவசரம் வேண்டாம். நைட்டு அவங்க பாவாடை எல்லாம் உங்களுக்கு கட்டிவிட்டு டான்ஸுக்கு கூட்டிட்டு போவாங்க, கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், எனக்கு மூச்சே நின்னுடுச்சு.

எல்லாம் ஒத்துமையா பாசமா இருக்காங்கன்னு நெனச்சுட்டும் போகாதீங்க. பொலிவியா பக்கம் சூரியத் தீவுல 2017ல டூரிஸ்ட் விவகாரத்துல ஊருக்கு ஊரு சண்ட வந்து, வடக்கு பக்கமே வெளியாளுங்களுக்கு வருஷக்கணக்குல மூடி கெடந்துச்சு. காசு வர்ற எடத்துல எல்லா ஊரும் ஒண்ணுதான்.

கைல சோல் (பெரு காசு) சில்லறையா நிறைய வச்சுக்கோங்க, கார்டு எல்லாம் அங்க கதைக்காகாது. வீட்டுக்காரங்களுக்கு அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம் வாங்கிட்டு போங்க, பசங்களுக்கு மிட்டாய் அள்ளி குடுக்குறது வேண்டாம். ஃபோட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. தொப்பி ஒண்ணுக்கு சொல்ற விலைய பேரம் பேசாதீங்க, ஒருத்தர் வாரக்கணக்குல பின்னுனது. ஜூன் ஜூலைனா ராத்திரி ஜீரோவுக்கு கீழ போகும், பகல்ல வெயில் தோல உரிச்சுடும், சன்ஸ்கிரீன், லிப் பாம், தெர்மல் மூணும் மறக்காதீங்க. தேதி முடிவானதும் சொல்லுங்க, என்னோட பெரிய ஜாக்கெட் சும்மாதான் தொங்குது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்க தம்பி