தாய்மாமன் சீரும் திமிங்கிலப் பல்லும்

சுவா, பிஜி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, சங்கிலி, கிடா, பந்தல் என்று தாய்மாமன் சீரில் கையிருப்பு கரைந்த கதையை இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருக்கிறாய். நீ பிஜியில் பிறக்கவில்லையே என்று சந்தோஷப்படு.

இங்கே தங்கச்சி மகனுக்கு 'வாசு' என்று பேர். அந்தக் காலத்தில் அவன் மாமன் ஊருக்கு வந்தால் பன்றி, பாய், படகு என்று கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போகலாம். பெரிய தலைவர் வீட்டுப் பெண்ணுடைய மகன் என்றால், மாமனுக்கு அடங்கிய ஊர்களிலெல்லாம் அவனுக்கு அந்த உரிமை. ஊரையே நடுங்க வைக்கிற தலைவரும் மருமகனிடம் முடியாது என்று சொல்லக் கூடாது. இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் குழந்தையை முதன்முதலாகத் தாய் ஊருக்குக் கூட்டிப்போய் 'முகம் காட்டுவது' இன்றும் பாய்கள், திமிங்கிலப் பல் எல்லாம் வைத்து நடக்கிறது.

அங்கே ராஜா உண்டா என்று கேட்டிருந்தாய். 'ரத்து' என்ற பட்டத்தோடு தலைவர்கள் இருக்கிறார்கள். தலைவர்களின் பெரிய சபை 1876-இல் ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்டது. 2012-இல் அப்போதைய பிரதமர் பைனிமராமாவின் அரசு அதைக் கலைத்தது, 2023-இல் மறுபடி கூட்டினார்கள். அரசியல் போகட்டும், ஊருக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

போன மாதம் அலுவலக நண்பரோடு அவர் கிராமத்துக்குப் போனேன். வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தேன். ஊர் எல்லையிலேயே அவர் அதைப் பிடுங்கிப் பையில் திணித்துவிட்டார். ஊருக்குள் தலையை மூடுவது தலைவரை அவமதிப்பதாம். கையில் அரைக் கிலோ யங்கோனா வேர், இங்கே கரைத்துக் குடிக்கிற ஒரு செடியின் வேர். அதை வைத்து வணங்கினால்தான் உள்ளே இடம். தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காகப் பேச 'மதானிவனுவா' என்று ஓர் ஆள், பரம்பரை வேலை. வேர்க் கரைசலை மரத்தொட்டியில் கலக்கி, சிரட்டையில் முதலில் தலைவருக்குத்தான் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது ஒரு கைதட்டு, ஒரே மடக்கு, பிறகு மூன்று கைதட்டு. மண் கரைத்த தண்ணீர் மாதிரி ருசி, நாக்கு மரத்துப்போயிற்று.

அந்தச் சிரட்டையில்தான் விஷயமே. தலைவர் மகனாகப் பிறந்தால் மட்டும் போதாது. பட்டம் கட்ட உரிமையுள்ள குடியினர் யங்கோனா கொடுத்து அவர் குடித்தால்தான் தலைவர். 1989-இல் பாவ் தீவின் தலைவர் இறந்ததும், அடுத்து யாருக்கு என்று பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் அந்தப் பட்டம் முப்பது வருஷத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது.

அதைவிடப் பெரிய பிடி திமிங்கிலப் பல்லுக்கு. 'தம்புவா' என்பார்கள். நார்க்கயிறு கட்டி இரண்டு கையிலும் ஏந்திக் கொடுப்பார்கள். பெண் கேட்க, மன்னிப்புக் கேட்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கிவிட்டால் கேட்டதைச் செய்தே தீரவேண்டும். ஒருத்தனைக் கொல்லச் சொல்லியும் அனுப்புவார்களாம். அப்படித்தான் 1867-இல் நபுதவுதவு என்ற மலையூரில் தாமஸ் பேக்கர் என்ற பாதிரியாரைக் கொன்று தின்றார்கள். அவருடைய செருப்பின் அடித்தோல் இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காய்ந்து சுருங்கி, குழந்தை செருப்பளவுக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 2003-இல் அதே ஊர்க்காரர்கள் பேக்கரின் வம்சத்தாரை வரவழைத்து, தம்புவாவை நீட்டி மன்னிப்புக் கேட்டார்கள். கொல்லச் சொல்லவும் அதே பல், மன்னிக்கச் சொல்லவும் அதே பல். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வந்து என் மண்வெட்டியைக் கேட்டார். 'கெரெகெரே' என்றார். அப்படிக் கேட்டால் இல்லை என்பது மரியாதை இல்லையாம். கொடுத்துவிட்டேன், திரும்பி வருமா தெரியாது. ஆனால் இன்று காலையில் வாசலில் ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கு கிடந்தது.

சங்கிலி எத்தனை பவுன் என்று எழுதவே இல்லையே நீ?

அன்புடன்,
ரங்கன்