துருக்கி சுற்றுலா: கப்படோக்கியா பாறைகளைக் காட்டாமல் கடை கடையாக அழைத்துப்போனது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 4ஆம் நாள் இடங்கள் காட்டப்படாதது, பலூன் சவாரிக் கட்டணம் திருப்பித் தரப்படாதது

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் மாறி மாறிப் போன் செய்து அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். 4ஆம் நாள் திட்டம் உங்களுக்குத் தெரிந்ததே, அச்சடித்துக் கொடுத்தவர்களே நீங்கள்தான். கப்படோக்கியாவில் காலையில் கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம், மதியம் டெவ்ரெண்ட், பாஷாபாக் பாறைப் பள்ளத்தாக்குகள்.

கோரெமேயில் ஓட ஓட ஒரு சுற்று. அங்கே இருண்ட தேவாலயத்துக்குத் தனி டிக்கெட். வெளிச்சம் அதிகம் புகாததால்தான் அதன் சுவரோவியங்கள் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன. என் கைக்காசைப் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "டைம் இல்ல ஆண்ட்டி" என்றார் உங்கள் டூர் மேனேஜர். அதே மனிதருக்கு அவானோஸ் மண்பாண்டக் கடையில் நேரம் இருந்தது. அடுத்து கம்பளக் கடையில், ஆப்பிள் டீ கொடுத்து உட்காரவைத்து, ஒவ்வொரு கம்பளமாக எங்கள் காலடியில் உருட்டி விரித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. டெவ்ரெண்டுக்குப் போகவே இல்லை. பாஷாபாக்கை ஓடும் பஸ்ஸிலிருந்து கைகாட்டியதோடு சரி. கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கல்லுதான், காலையில பாத்தீங்கல்ல" என்றார்.

ஒரே கல்லா? எர்ஜியஸ், ஹசன் எரிமலைகள் நிற்கும் அந்தப் பீடபூமியில் வெடிப்புக்கு மேல் வெடிப்பாகக் கொட்டிய சாம்பல் இறுகி மென்பாறையானது. மழையும் உறைபனியும் அதை அரித்துக்கொண்டே போக, தலையில் கடினமான கல் இருந்த இடம் மட்டும் தூணாக மிஞ்சியது. அந்தத் தொப்பிக்கல் விழுந்துவிட்டால் தூணும் வேகமாகக் கரைந்துவிடும். பாஷாபாக்கில் ஒரே தண்டிலிருந்து இரண்டு மூன்று தலைகள் பிரிந்து, தலைக்கொரு தொப்பியோடு நிற்கின்றன. துறவிகள் அதைக் குடைந்து தங்கியிருக்கிறார்கள். கோரெமேயில் இருப்பவை பாறைக்குள் குடைந்த தேவாலயங்கள். டெவ்ரெண்டில் மனிதக் கை படாமல், அரிப்பே செதுக்கிய ஒட்டகம் நிற்கிறது. 1985-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடத்தை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தின் ஆளுக்கு இது தெரியாதா? உங்கள் கையேட்டின் அட்டைப்படமே பாஷாபாக்தானே!

நான் புவியியல் ஆசிரியை. இந்தத் தூண்களைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டியே ஓய்வு பெற்றவள். ஓய்வுப் பணத்தை எடுத்துத்தான் உங்களிடம் கட்டினேன். இந்த முழங்கால் வலியோடு இன்னொரு முறை போக முடியுமா? என் ஆயுசுக்கு இருந்த ஒரே ஆசையையும் நாசமாக்கிவிட்டீர்கள்.

இதைவிட மனம் நொந்தது தி.நகர் கிளையில். பலூன் வவுச்சரோடு நேரில் வந்தால் அன்றே முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். தாம்பரத்தில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி, கொளுத்தும் வெயிலில் நடந்து வந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்த இளைஞர் செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "துருக்கி ஃபைல் இங்க இல்ல. டூர்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பெரியம்மா" என்றார். என் பேரன் வயதுப் பையன். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பலூன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்று பலமாக இருந்ததால் விமானத்துறை அன்று அனுமதி தரவில்லை. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பறக்காத பலூனுக்கு வாங்கிய பணத்தை இன்னும் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? சென்னையில் கேட்டால் டெல்லி என்கிறார்கள், டெல்லியில் கேட்டால் துருக்கி ஏஜென்ட் என்கிறார்கள். பணம் கட்டியது உங்களிடம். துருக்கிக்காரரை எனக்குத் தெரியாது.

இஸ்தான்புல்லில் வந்த வழிகாட்டி தங்கமானவர், அவரை இதில் சேர்க்கவேண்டாம். தயவுசெய்து பலூன் கட்டணம் முழுவதையும், 4ஆம் நாள் செலவையும் திருப்பித் தாருங்கள். அந்த இரண்டு ஊழியர்களும் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இனி எந்தக் கிளைக்கும் நேரில் வரமாட்டேன். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, தாம்பரம்

இணைப்பு: பயணத் திட்டம், ரசீதுகள், பலூன் வவுச்சர் நகல்