ஹாத்தோர்ன் பக்கம் போனால்

அன்பு மகன் செல்வினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை. அடுக்களை ஓடு மாற்றியாயிற்று. கிணற்றடி கொய்யாவை வெட்டவில்லை, நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. நான் ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அண்ணனிடம் ஆரம்பித்தால் அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறான். சரி, அந்த விஷயத்தை நான் இதில் எழுதப் போவதில்லை. பாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதையாவது கடைசி வரைக்கும் படி, ஐயா.

2025 ஜூன் 11-ம் தேதி பிரையன் வில்சன் இறந்துபோனார். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவில் இருந்த மூன்று வில்சன் அண்ணன் தம்பிகளில் மூத்தவர். இன்னும் சில நாளில் 83 வயது முடிந்திருக்கும். நீ செய்தியில் பார்த்திருப்பாய், ஆனால் உனக்கு அது ஒரு செய்தி. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அவர்கள் வளர்ந்த ஹாத்தோர்ன், கலிபோர்னியாவில் நீ இருக்கும் டாரன்ஸுக்குப் பக்கம்தான் என்று மேப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாய், ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லையே. அந்த வீடு இப்போது இல்லை. 105-ம் எண் பெரிய சாலை போடுவதற்காக 1980-களில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2005-ல் ஒரு நினைவுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்வா. பகலில் போ. இரவில் கார் எடுக்காதே.

உங்கள் ஜேம்ஸ் மாமா சிலோன் ரேடியோ கேட்கும் கதை உனக்குத் தெரியும். தமிழ்ப் பாட்டுக்கு அம்மாச்சி, ஆங்கிலப் பாட்டுக்கு மாமா என்று அந்த மர்ஃபி ரேடியோவுக்கு எப்போதும் சண்டைதான். பாளையங்கோட்டையில் கொழும்பு ஆங்கில சேவை அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர் வெர்னன் கொரியாவின் குரல் எங்கள் வீட்டு ஆள் குரல் மாதிரி பழகிப்போனது. நான் அப்போது கோயில் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடிக்கொண்டிருந்தேன். ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்து நாலு பார்ட்டில் பாடுவது என்றால் அது கோயில் பாட்டான பாமாலைக்கு மட்டும் உரியது, கோயிலுக்குள் மட்டும் நடப்பது என்று நினைத்திருந்த வயது. திடீரென்று ஒரு நாள் ரேடியோவில் ஐந்து பையன்கள் கடலையும் காரையும் பற்றி நாலு பார்ட்டில் பாடுகிறார்கள்! நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமாவுக்கு கிட்டார் பிடிக்கும், டிரம் பிடிக்கும். எனக்கு அதற்குள் ஆல்டோ எங்கே போகிறது என்று தேடத்தான் பிடிக்கும்.

அது தேடினால்தான் கிடைக்கும். மேலே போகிற குரலை எல்லோரும் கேட்பார்கள், அடியில் நிற்கிற பேஸையும் கேட்பார்கள். ஆல்டோ, டெனர் என்று நடுவில் இருக்கிற இரண்டு குரலைத் தனியாகக் கேட்டால் அதில் ராகமே இருக்காது. ஒரே சுரத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, அவ்வளவுதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் மேலே பாடுகிறவன் அநாதையாகிவிடுவான். எங்கள் கொயர் மாஸ்டர் ஆல்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு மற்றவர்களை மட்டும் பாடவிட்டுக் காட்டுவார். அப்போதுதான் மேல்குரல் பாடுகிற சோப்ரானோக்காரிகள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. ஒரு காதை வைத்துக்கொண்டு ஃபோர் ஃப்ரெஷ்மென் என்ற குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு பார்ட்டையும் பியானோவில் தனித்தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறார். வாத்தியார் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. பிறகு அதை வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். மூன்று அண்ணன் தம்பிக்கும் ஒரே படுக்கையறை. இரவில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு டென்னிஸுக்கு ஒரு பார்ட், கார்லுக்கு ஒரு பார்ட் என்று சொல்லிக்கொடுத்துப் பாடவைத்திருக்கிறார். 16-வது பிறந்தநாளுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் கிடைத்ததும், அவர்கள் அம்மா ஆட்ரியையும் உட்காரவைத்து ஒரு பார்ட் பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு மச்சு ஞாபகம் வந்தது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. டோ ரே மி என்று சுரம் எழுதிய சோல்ஃபா நோட்டில் உன் வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டது யார் என்று உனக்கே தெரியும். அந்த நோட்டு பத்திரமாக இருக்கிறது.

அவர்கள் முதல் பாட்டு வந்தது 1961 கடைசியில். மூன்று பேரோடு அத்தை மகன் மைக் லவ், பிறகு நண்பர் அல் ஜார்டின். அலையில் பலகை ஓட்டுவதைப் பற்றிப் பாட்டு எழுதலாம் என்று சொன்னது நடுத்தம்பி டென்னிஸ். உண்மையில் கடலில் இறங்கிப் பலகை ஓட்டியதும் அவர்தான். 1964 டிசம்பரில் விமானத்தில் வைத்துப் பிரையனுக்குப் பயத்தில் உடம்பு நடுங்கிவிட்டது. அதன் பிறகு ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டு ஸ்டூடியோவிலேயே இருந்துவிட்டார். மேடையில் குழுவைத் தாங்கியது சின்னத்தம்பி கார்ல், அப்போது பதினெட்டு வயதுப் பையன். அண்ணனால் முடியாததை அவன் எடுத்துக்கொண்டான். (வேலையையும் கொஞ்சம் விட்டுப்பிடி, ஐயா. ராத்திரி பதினொரு மணிக்கு உனக்கு என்ன மீட்டிங்? சாப்பிட்டுவிட்டு உட்கார்.)

1966 மே மாதம் வந்த பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டில் 'காட் ஒன்லி நோஸ்' என்று ஒரு பாட்டு. அதைத் தான் பாடுவதாகத்தான் பிரையன் முதலில் நினைத்திருந்தார். பிறகு கார்லின் குரல்தான் இதற்குச் சரி என்று தம்பியிடம் கொடுத்துவிட்டார். கார்லுக்கு வயது 19. கடைசியில் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், முடிவதே இல்லை, அப்படியே தேய்ந்து மறையும். அதை ஹெட்போனில் கேள். பின்னால் வேறு வேலை வைத்துக்கொண்டு கேட்காதே. தன்னுடைய மிக நல்ல பாட்டைத் தூக்கித் தம்பி கையில் கொடுக்கிற மனது எல்லோருக்கும் வராது. உன் அண்ணன் அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் தன் தனிப்பாட்டை உனக்கு விட்டுக்கொடுத்தான். நீ கப்போடு வந்தபோது தெரு முழுக்க அவன்தான் சொல்லிக்கொண்டு போனான். எழுதக் கூடாது என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது.

அவர்கள் வீட்டிலும் எல்லாம் நடந்தது. அப்பா முரி வில்சன் கையோங்குகிற ஆள். 1969-ல் பிரையனின் பாட்டு உரிமைகளை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பின்னால் அவை கோடிக்கணக்கில் பெறுமானவையாகின. உன் அப்பா உங்களைக் கேட்காமல் ஒரு சென்ட் நிலம் விற்றதில்லை. அந்த நிலப் பத்திரத்திலும் அவர் நினைத்தது வேறு, நாசரேத் சித்தப்பா உங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னது வேறு. அத்தை மகன் மைக் லவ், பாட்டுகளில் தன் பெயர் போடவில்லை என்று 1990-களில் பிரையன் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அப்படி கோர்ட் வரைக்கும் போனவர்கள் 2012-ல், ஐம்பதாவது வருஷம் என்று ஒரே மேடையில் நின்று பாடினார்கள். ஆனால் அந்த மேடையில் தம்பிகள் இருவரும் இல்லை. டென்னிஸ் 1983 டிசம்பரில் கடலில் மூழ்கிப் போனார், 39 வயது. கார்ல் 1998-ல் புற்றுநோயில் போனார், 51 வயது. உன் அண்ணனுக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். எவர்லி பிரதர்ஸ் என்று அமெரிக்காவில் ஜோடியாகப் பாடிய அண்ணன் தம்பி, டான், ஃபில். இந்தக் குழுக்களுக்கெல்லாம் முன்னோடி அவர்கள்தான். பின்னால் பெரிய பாடகர்களான சைமனும் கார்ஃபங்கலும் பள்ளிக்கூடப் பையன்களாக அவர்களைப் பார்த்துத்தான் பாடக் கற்றார்கள். டான், ஃபில் இருவருடைய அப்பா ஐக் கிட்டார்க்காரர், சின்ன வயதிலேயே பிள்ளைகளை ரேடியோ நிகழ்ச்சியில் பாடவைத்தவர். டான் மெட்டைப் பிடிப்பார், ஃபில் அதற்கு மேலே, டோ என்றால் மி, ரே என்றால் ஃபா என்று கூடவே போவார். இரண்டு பேரும் ஒரே மைக்கில். ஒருவர் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் மற்றவரும் எடுப்பார். ஒரே வீட்டில் பேசக் கற்றவர்கள், ஒரே மாதிரி வாயைத் திறப்பவர்கள். கூடப் பிறக்காதவர்கள் எத்தனை வருஷம் பழகினாலும் அந்தச் சேர்க்கை கிடைப்பது கஷ்டம். நான் கொயரில் இத்தனை பேரோடு பாடிப் பார்த்துச் சொல்கிறேன்.

1973 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு மேடையில் ஃபில் கிட்டாரை உடைத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு பத்து வருஷம் பேச்சு இல்லை. நடுவில் அவர்கள் சந்தித்தது 1975-ல், அப்பா ஐக்கின் அடக்கத்தில்.

செல்வின், இந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். உன் அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், அது உனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு உன் வீடியோ கால் முடிந்த பிறகுதான் அண்ணனும் மதினியும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். அப்பா இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஜெபம் பண்ணினார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

டானும் ஃபில்லும் 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து பாடினார்கள். அது யூடியூபில் இருக்கிறது, பார். பத்து வருஷம் சேர்ந்து பாடாதவர்கள் என்று குரலில் கண்டுபிடிக்க முடியாது. மூச்சு அதே இடத்தில் எடுக்கிறார்கள். நம் ஆட்கள் பலருக்கும் தெரிந்த பீ ஜீஸ் அண்ணன் தம்பிகள்கூட 1969-ல் பிரிந்து, அடுத்த வருஷமே சேர்ந்துவிட்டார்கள். ஃபில் 2014-ல் இறந்தபோது டான், ஃபில் இருவருடைய அம்மா மார்கரெட் உயிரோடு இருந்தார். அந்த அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இரண்டு பையன்களும் பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் அவர் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பார்?

நீ நல்ல பிள்ளை. இந்த வீட்டிலிருந்து முதலில் கடல் தாண்டிப் போனவன் நீ, அதைச் சொல்ல எனக்குப் பெருமை. அத்தைக்கு ஆபரேஷன் என்றதும் கேட்காமலே பணம் அனுப்பியவன். அதே சமயம் ஒரு போன் போட உனக்கு இவ்வளவு கனமாக இருப்பது எனக்குப் புரியவில்லை. அண்ணனையும் இதே அளவு திட்டியிருக்கிறேன், அவனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. யார் சொன்னது சரி என்று நான் கேட்கவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். டிசம்பரில் எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது வருஷம். கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைக்கலாம் என்று சபைப் போதகர் ஐயரிடம் பேசியாகிவிட்டது. அப்பாவுக்குப் பிடித்த அந்தப் பாமாலையை வீட்டு ஆட்களே நாலு பார்ட்டில் பாட வேண்டும் என்று எனக்கு ஆசை. சோப்ரானோ மதினி. ஆல்டோ நான், குரல் நடுங்கினாலும் என் பார்ட் எனக்கு மறக்கவில்லை. டெனருக்கு அண்ணனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பேஸ் யாரும்மா?" என்றான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் டிக்கெட் விலை ஏறிவிடும் என்று நீயே சொல்வாய். அதனால் இந்த மாதமே பார். உன் பார்ட் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் நீ எப்போதும் தாழ்த்திப் பாடுவாய், அதை மட்டும் பார்த்துக்கொள். பிள்ளைக்கு என் முத்தங்கள். மருமகளிடம் மிளகுப் பொடி அனுப்பியிருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
பாளையங்கோட்டை