கடைப் பலகையும் அதன் கீழே ஒரு வரித் தமிழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் தெற்குக் கடற்கரையோரம் உள்ள எங்கள் ஊர்க் கடைத்தொகுதியில், வணிகப் பலகைகளை நகராட்சி இப்போது ஒவ்வொன்றாக அளந்து சரிபார்த்து வருகிறது. அங்கே பூசைச் சாமான் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சரிபார்ப்பே வேண்டாம் என்பது என் கட்சி அன்று; பலகைகளைக் கணக்கெடுக்கும் முறையில் ஒன்றை மாற்ற வேண்டும் என்பதே.

சரிபார்ப்புக்கு வேண்டிய காரணம் கண்ணெதிரே இருக்கிறது. வாகனம் வெளியேறும் வாசலின் இரும்புக் கம்பிகளில் கைப்பேசி பழுதுபார்ப்பவரும் கடன் கொடுப்பவரும் கட்டியிருக்கும் துணிப் பதாகைகள், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டியை ஓட்டுநரின் பார்வைக்கு மறைக்கின்றன. கடையை மூடிவிட்டுப் போனவரின் பெயருக்கு மேலேயே அடுத்தவர் ஆணியடித்திருக்கிறார். என் பங்குக்கு நானும் குற்றவாளிதான்: வராந்தாக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் என் பலகையின் ஓரம், உயரமான வாடிக்கையாளர் ஒருவரின் நெற்றியில் சென்ற மாதம் இடித்துவிட்டது. அதை உயர்த்திக் கட்டச் சொன்னால் நியாயம்தான்.

நியாயமாகப் படாதது வேறொன்று. சுவரில் ஒரு கடைக்கு ஒரு பலகை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. என் கடையின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பலகையிலும், அதன் கீழே 'கற்பூரம், தேங்காய், வெற்றிலை' என்று தமிழில் ஒரு சாண் அகலமுள்ள தனிப் பலகையிலும் இருப்பதால், அவை இரண்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டையும் சேர்த்தாலும் 2 சதுர மீட்டரைத் தாண்டாது. மூன்று கடை தள்ளி ஒரே பலகையாக முகப்பு முழுவதையும் அடைத்து நிற்கும் விளக்குப் பெட்டியோ ஒன்று என்று எண்ணப்பட்டுத் தேறிவிட்டது. எண்ணிக்கையை விட்டு, முகப்பின் நீளத்துக்கு ஏற்பப் பலகைகளின் மொத்தப் பரப்பை அளந்திருந்தால் இந்த வினோதம் நேர்ந்திராது.

இரண்டையும் ஒரே பலகையில் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் செய்யப் பார்த்தேன். பலகை அச்சிடுபவரின் கணினியில் தமிழ் சரியாக ஏறவில்லை. தேங்காயின் இரட்டைக் கொம்பு 'த'வை விட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிவிட்டது. வெற்றிலையின் இணைக் கொம்போ சொல் முடிந்த பிறகு துணையில்லாமல் தனியே நின்றது. தமிழ் வாசிக்கத் தெரியாத அவர் அதில் என்ன பிழை என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முடிவில் தமிழ் வரியை மட்டும் தூரிகையால் தனிப் பலகையில் எழுதி மாட்டினோம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வருகிற பாட்டிமார், அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொது இடங்களில் விளம்பரங்களை முறைப்படுத்துவது, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்படி, உள்ளாட்சியின் பொறுப்புகளுள் ஒன்று. அதே அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் வழங்கும் மொழிகளுள் தமிழையும் தெலுங்கையும் இந்தியையும் பிறவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை வளர்த்து, அவற்றுக்குரிய மதிப்பை உறுதிசெய்யும் கடமையை மொழி வாரியத்திடம் ஒப்படைத்திருக்கிறது. தமிழ் இங்கே ஆட்சிமொழி அன்று. பலகையில் அதற்கு இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று இந்தப் பிரிவை வைத்து நான் வாதாடவில்லை. ஆனால் 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து இறங்கியவர்களின் மொழியை, அளவுநாடா பிடிப்பவர் 'கூடுதல் விளம்பரம்' என்ற கட்டத்துக்குள் தள்ளுவது மனத்துக்கு ஒப்பவில்லை.

என்னைப்போன்ற கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நகராட்சி தன் எல்லைக்குள் இயற்றும் துணைவிதி எதையும் நிறைவேற்றும் முன் அதை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புமுறைச் சட்டம் சொல்கிறது. பலகைக்கு அனுமதி மறுக்கப்பட்டால், அது தெரியவந்த 90 நாள்களுக்குள் எழுத்துமூலம் காரணம் கேட்க, அதே ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் இடம் தருகிறது. நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் செய்யாமல், கூட்டம் முடிந்த பிறகு வராந்தாவில் நின்று புலம்புவதோடு சரி. கட்டட உரிமையாளரும் வாடகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடாமல், தொகுதி முழுவதற்கும் ஒரே பலகைத் திட்டத்தை வரைந்து நகராட்சியிடம் கொடுத்தால், கடைக்குக் கடை படிவம் நிரப்பும் அலைச்சல் எங்களுக்கு மிச்சமாகும்.

தொங்கும் பலகையை உயர்த்திக் கட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டேன். சுவரில் உள்ள தமிழ்ப் பலகையைக் குறித்து, மொத்தப் பரப்பை அளந்து வரைபடத்தோடு மனுக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை அதைக் கழற்றுவதாக இல்லை.

இப்படிக்கு,
பூசைச் சாமான் கடைக்காரர் ஒருவர்,
குவாசூலு-நேட்டால்